தொழிற்சாலை நீரும் நுரையீரல் நோயும்



மார்கழி மாதத்து விடியற்காலையில் ஓசூர் வழியாகப் பேருந்தில் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள ஆலைகள் சிலவற்றின் கூரைக்குமேல் வெண்ணிறப் படலம் ஒன்று எழும்பி, பனியோடு பனியாகக் கலந்து மறையும். சுமார் 25 ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணவர்கள் சிலரை ஓர் ஆலையைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருவன் அந்த வெண்படலத்தைச் சுட்டிக்காட்டி, "ஐயா, அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" என்று கேட்டான். "அது புகை இல்லை, தம்பி. வெறும் நீராவிதான். பயப்பட ஒன்றும் இல்லை" என்று விடை கூறிவிட்டு மேலே நடந்தேன்.

அந்த மாணவன் பிற்காலத்தில் தொழிற்பயிற்சி பெற்று, ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தான். நான் ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் என்னைக் காண வந்தவன் பேச்சுவாக்கில், "ஐயா, எங்கள் கூலிங் டவர் பக்கம் நிறுத்துகிற வண்டிகளின் கண்ணாடியில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. சுரண்டிப் பார்த்தால் உப்பு. வெறும் நீராவி என்று அன்றைக்குச் சொன்னீர்களே, ஆவியோடு உப்பு வருமா?" என்று கேட்டான்.

வராது. ஆவியாகும் நீர் தன்னிடம் கரைந்திருக்கும் உப்பைக் கீழே விட்டுவிட்டே மேலே எழும் என்பதை அவனுக்குக் கற்பித்தவனே நான். ஆகவே, கண்ணாடியில் உப்புப் படிந்திருக்குமானால், நீர் ஆவியாக மட்டும் வரவில்லை, துளியாகவும் வந்திருக்கிறது. துளி வந்தால் அதனுடன் உப்பு மட்டுமா வரும்? அந்நீரில் வாழும் உயிர்களும் வரக்கூடும். நான் அன்று கூறிய விடை பாதியளவே சரி. மற்றப் பாதியை அறிந்துகொள்ள நான் பல நூல்களைப் படிக்க நேர்ந்தது. நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். படித்தறிந்ததை ஒழுங்குபடுத்தி எடுத்துரைப்பதே என்னால் இயன்ற பணி.

முதற்கண், கூலிங் டவர் என்று ஆலைகளில் வழங்கும் குளிர்விப்புக் கோபுரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம். காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், உலோகத்தை உருக்கும் உலை, பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் இயந்திரம், பெரிய கட்டடங்களின் குளிர்சாதனம் ஆகிய யாவும் இயங்கும்போது சூடேறுகின்றன. அச்சூட்டைக் குழாய்களில் ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. சூடான அந்நீரைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து மழைபோல் பொழியச் செய்கின்றனர். உச்சியிலுள்ள விசிறி கீழிருந்து காற்றை இழுக்கிறது. நீரில் ஒரு சிறு பகுதி ஆவியாகிப் போக, எஞ்சிய நீர் குளிர்ந்து அடித்தொட்டியில் விழுகிறது. மறுபடியும் இயந்திரத்தை நோக்கிச் செல்கிறது.

நம் வீட்டு மண்பானை செய்வதும் இதுவே. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். எனவே 100 லிட்டர் நீரில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானாலும், மற்றதன் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை தாழ்ந்துவிடும். (நான் இங்குப் பாகை என்று குறிப்பிடுவதெல்லாம் சென்டிகிரேடு அளவே.) மிகச் சிக்கனமான ஏற்பாடு அன்றோ! ஆனால், பானைக்கும் கோபுரத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பானை நீரைத் தெறிக்கச் செய்வதில்லை. கோபுரமோ நீரை இலட்சக்கணக்கான துளிகளாக உடைத்துக் காற்றிலே வீசுகிறது. அத்துளிகளுள் மிகச் சிறியவை விசிறிக் காற்றோடு வெளியேறிவிடுகின்றன. வெண்படலமாகத் தோன்றுவது பெரும்பாலும் ஆவி குளிர்ந்து துளிகளான தூய நீர். அதனூடே கண்ணுக்குத் தெரியாமல் செல்லும் கோபுரத்து நீரின் துளிகளே நம் கவனத்துக்கு உரியவை.

இத்துளிகளால் நேரும் தீங்கை உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு வியப்புக்குரியது. 1976-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், முன்னாள் போர்வீரர்களின் சங்கமாகிய அமெரிக்கன் லீஜியனின் மாநாடு ஒன்று நடைபெற்றது. பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் பெரிய ஓட்டலில் அவர்கள் கூடியிருந்தனர். மாநாடு முடிந்து வீடு திரும்பிய சில நாட்களுக்குள் ஒருவர் பின் ஒருவராகக் கடுங்காய்ச்சலும் நிமோனியாவும் கண்டு படுக்கையில் விழுந்தனர். மாநாட்டுக்கு வந்தவர்களும், ஓட்டலின் அருகே இருந்தவர்களுமாக 221 பேர் நோயுற்றனர். அவர்களுள் 34 பேர் மாண்டனர். உணவில் நஞ்சோ, காற்றில் வாயுவோ, அறியாத வைரஸோ என்று பலவாறு ஐயுற்றுத் தேடினர். ஐந்து மாதங்கள் கழித்து, அட்லாண்டா நகரிலுள்ள நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர், முன்பே ஒருமுறை பார்த்து ஒதுக்கிய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். முதன்முறை பொருட்படுத்தாது விட்ட சிறு கோல்வடிவ பாக்டீரியாக்களே குற்றவாளிகள் என்பது புலனாயிற்று. 1977 ஜனவரியில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. அச்சங்கத்தின் பெயராலேயே பாக்டீரியாவுக்கு லீஜியனெல்லா என்றும், நோய்க்கு லீஜியனேர் நோய் என்றும் பெயர் அமைந்தது. ஓட்டலின் குளிர்சாதன அமைப்பிலிருந்து கிளம்பிய நீர்த்துளிகள் வாயிலாக நோய் பரவியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

அது புதிதாகத் தோன்றிய கிருமியா என்றால், இல்லை. பழைய நோயாளிகளிடமிருந்து எடுத்துக் குளிர்பெட்டிகளில் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1965-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகர மருத்துவமனையொன்றில் பரவிய விளங்காத நிமோனியாவும், 1968-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் என்னும் ஊரில் பரவிய காய்ச்சலும் இக்கிருமியால் விளைந்தவையே என்று தெரிந்தது. ஆறுகளிலும் குளங்களிலும் ஈர மண்ணிலும் நெடுங்காலமாக இது வாழ்ந்து வருகிறது. அங்கே அது சிறு தொகையாகவே இருக்கும். மனிதருக்குத் தீங்கு செய்வது அரிது. அதற்கு இதமான வெப்பமும், ஒதுங்க இடமும், மனித நுரையீரலுக்குள் நுழைய வழியும் அமைத்துக் கொடுத்தவை நம் இயந்திரங்களும் குழாய்களும் தொட்டிகளுமே.

இதமான வெப்பம் எவ்வளவு? 20 பாகைக்குக் கீழே இக்கிருமி பெரும்பாலும் பெருகுவதில்லை. 25 முதல் 45 பாகை வரையுள்ள வெதுவெதுப்பான நீர் அதற்கு உகந்தது. நம் உடல் வெப்பத்தை ஒட்டிய நீரில் மிகுதியாகப் பெருகும். 60 பாகையில் சில நிமிடங்களுக்குள் பெரும்பகுதி மடிந்துவிடும். ஒதுங்கும் இடம் எது? பயன்படாத குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான படலம் ஒன்று ஒட்டும். பலவகை நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு அது. அப்படலத்தை மேய்ந்து வாழும் அமீபாக்கள் லீஜியனெல்லாவை விழுங்குகின்றன. ஆனால், விழுங்கப்பட்ட கிருமி செரிக்கப்படாமல், அமீபாவின் வயிற்றிலேயே பெருகி அதைக் கொன்று வெளிவருகிறது. இதனை 1980-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ரோபாதம் என்பவர் எடுத்துக்காட்டினார். அமீபாவுக்குள் இருக்கும்போது குளோரினும் அதை எளிதில் தீண்டுவதில்லை.

இந்த ஒரு செய்தி, நோயின் தன்மையையும் விளக்கிவிடுகிறது. நம் நுரையீரலின் மிக உள்ளான காற்றறைகளில், அமீபாவைப் போலவே கிருமிகளை விழுங்கிக் காக்கும் உயிரணுக்கள் உள்ளன. நுண்துளி வழியே அங்குச் சென்றடையும் லீஜியனெல்லா, அமீபாவிடம் கற்ற தந்திரத்தை அவ்வணுக்களிடமும் காட்டுகிறது. நம் காவலாளியே அதன் இருப்பிடமாகி விடுகிறான். பென்சிலின் போன்ற மருந்துகள் இந்நோயில் பயன்படாமல் போவதற்கும் காரணம் இதுவே. உயிரணுவுக்குள் புகுந்து தாக்கவல்ல அஸித்ரோமைசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்றவற்றையே மருத்துவர் கொடுக்கின்றனர்.

இரண்டு உண்மைகளை இங்கு நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். காலரா, டைபாய்டு ஆகியவை நீரைக் குடிப்பதனால் வருபவை. இதுவோ பெரும்பாலும் நீரை மூச்சோடு உள்ளிழுப்பதனால் வருவது. ஆதலின், "நாங்கள் காய்ச்சிய நீரைத்தான் குடிக்கிறோம்" என்று கூறுவது இங்குப் பாதுகாப்பு ஆகாது. அடுத்து, இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியைக் கண்டு விலக வேண்டியதில்லை; அவர் எந்த நீரின் துளியைச் சுவாசித்தார் என்பதைத் தேட வேண்டும்.

கிருமி புகுந்து 2 முதல் 14 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுத் திணறல், தலைவலி, உடல்வலி ஆகியன தோன்றும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் உண்டாகும். நோயுறுவோரில் ஏறத்தாழ பத்துக்கு ஒருவர் இறக்கின்றனர். ஐம்பது வயதைக் கடந்தோர், புகை பிடிப்போர், நீரிழிவுடையோர், ஏற்கெனவே நுரையீரல் பழுதுற்றோர் ஆகியோரையே இது மிகுதியாகத் தாக்கும். இதன் இலேசான வடிவம் பான்டியாக் காய்ச்சல். அது ஓரிரு நாட்களில் தோன்றி, நிமோனியா இல்லாமல், ஒரு வாரத்துக்குள் தானே தணியும்.

இனித் தொழிற்சாலைகளுக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்து 2004 ஜனவரி வரை, பிரான்சு நாட்டின் வடபகுதியில் ஆர்ன் என்னும் ஊரைச் சுற்றி 86 பேருக்கு இந்நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். பெட்ரோலிய இரசாயன ஆலையொன்றின் குளிர்விப்புக் கோபுரங்களே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். ஆலையிலிருந்து 6 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்தவர்களையும் நோய் எட்டியிருந்தது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று. ஆலையினர் கோபுரத்தைச் சுத்தம் செய்ய முற்பட்டு, மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சிப் படலத்தைப் பெயர்த்தனர். அப்போது நோய் இரண்டாம் முறை பெருகியது! நல்லெண்ணத்தோடு செய்த துப்புரவே கிருமிகளைத் துளிகளாக்கி ஊர்மீது தூவிவிட்டது. அறியாமையோடு செய்யும் நற்செயலும் தீங்காக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றோர் எடுத்துக்காட்டு நம் பகுதிக்கு இன்னும் நெருங்கியது. 1981-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் வின்ட்சர் நகரில், மோட்டார் எஞ்சின் தயாரிக்கும் ஆலையொன்றில் 317 தொழிலாளர்களுக்குப் பான்டியாக் காய்ச்சல் கண்டது. அங்கே கிருமி இருந்த இடம் குளிர்விப்புக் கோபுரம் அன்று. உலோகத்தைக் கடையும்போதும் துளையிடும்போதும் கருவியின்மேல் ஓயாமல் ஊற்றப்படும் பால்போன்ற திரவம் உண்டே, கூலன்ட் என்று நம் தொழிலாளர் அழைப்பது, அதிலேதான் லீஜியனெல்லாவின் ஓர் இனம் பெருகியிருந்தது. எண்ணெய் கலந்த நீர், இதமான சூடு, சுழலும் கருவியினால் எழும் தூவல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் வேறென்ன வேண்டும்?

ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் அறிந்தோர்க்கு இவற்றை ஏன் கூறுகிறேன் என்பது விளங்கும். 1970-களில் இங்குத் தொழிற்பேட்டை தொடங்கியது. மோட்டார் வாகனங்கள், அவற்றின் உறுப்புகள், கைக்கடிகாரம், வார்ப்படம், மின்கருவி என்று நூற்றுக்கணக்கான ஆலைகள் பெருகின. சூளகிரி, பர்கூர் வரையிலும் இன்று ஆலைகள் உள்ளன. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று பெங்களூர் வரைக்கும் ஒரே தொழில் வீதி. கடைசல் இயந்திரமும் கம்ப்ரஸரும் குளிர்விப்புக் கோபுரமும் இங்கு அன்றாடப் பொருள்கள்.

"எங்கள் ஊர் குளிர்ச்சியான ஊர், இங்கு இந்நோய்க்கு இடமில்லை" என்று சிலர் கருதக்கூடும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பது உண்மையே. ஆயினும், கோபுரத்து நீரைச் சூடேற்றுவது இயந்திரம். அது ஊரின் தட்பவெப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. வெளியே பனி பெய்யும் நாளிலும் இயந்திரத்திலிருந்து திரும்பும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். சித்திரை வெயிலில் கூரைமேல் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீரைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் இதமான சூடுதான்.

நம் நீரின் இயல்பும் கவனத்துக்குரியது. கருங்கற் பாறைகளின் இடுக்கிலிருந்து ஆழ்துளைக் கிணறு தரும் நீர் உப்புச் செறிந்தது. கோபுரத்தில் தூயநீர் ஆவியாகப் போகப் போக, உப்பு எஞ்சி மேன்மேலும் செறிவடைகிறது; குழாய்களிலும் தகடுகளிலும் சுண்ணாம்புப் பொருக்காகப் படிகிறது. அப்பொருக்கின் சொரசொரப்பில் நுண்ணுயிர்ப் படலம் நன்கு ஒட்டிக்கொள்ளும். மேலும் அந்நீர் காரத்தன்மை அடையும்போது, அதில் இடும் குளோரினின் ஆற்றல் குறைந்துவிடும். ஆகவே, "மருந்து போட்டுவிட்டோம்" என்று கூறினால் போதாது; போட்ட மருந்து வேலை செய்கிறதா என்று அளந்தும் பார்க்க வேண்டும்.

இவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறவேண்டும். பிலடெல்பியாவில் நோய் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது? நோயுற்றோருள் பெரும்பாலோர் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மருத்துவர்களிடம் சென்றபோதும், சங்கத்தின் பெயர் அவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. அதனாற்றான், தனித்தனி நிமோனியாவாகத் தோன்றியவை ஒரே நோயின் கிளைகள் என்று தெரியவந்தது. நம் எல்லைப்புறத்தை எண்ணிப் பாருங்கள். ஓசூரில் குடியிருப்பவர் கர்நாடகத்தில் வேலை செய்கிறார். அங்கிருப்பவர் இங்கு வருகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளி, காய்ச்சல் கண்டதும் இரயிலேறி ஊருக்கே போய்விடுகிறார். ஒரே ஆலையில் ஐவர் நோயுற்றாலும், ஒருவர் ஓசூரில், ஒருவர் தர்மபுரியில், ஒருவர் பெங்களூரில், இருவர் தொலைதூரத்தில் சிகிச்சை பெறுவர். ஐந்து மருத்துவர்களும் ஒவ்வொரு நிமோனியாவை மட்டுமே காண்பர். ஐந்தையும் கூட்டிப் பார்க்க ஒரு சங்கத்தின் பெயர் இங்கே இல்லை.

நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இந்நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கின்றனர். ஆனால், எல்லா நிமோனியாவுக்கும் இதற்குரிய சிறுநீர்ச் சோதனையோ சளிச் சோதனையோ செய்யப்படுவதில்லை. தேடாத இடத்தில் பொருள் கிடைக்குமோ? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தோடு இணைக்கப்பட்ட நோய்ப்பட்டியலில் ஈய நஞ்சும், சிலிகா தூசியினால் வரும் நுரையீரல் நோயும் இடம்பெற்றன, இந்நோய் இடம்பெறவில்லை. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலோ, குளிர்விப்புக் கோபுரங்களையும் நீரூற்றுகளையும் எவ்வாறு பராமரிக்க வேண்டும் என்பதற்கென்றே 2001-ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் அறிவு கட்டளையிடும்போதே செய்வது நமக்கு நலம்.

செய்யவேண்டியவை யாவை? அவை அருமையானவையோ பெருஞ்செலவு பிடிப்பவையோ அல்ல.

முதலாவது, நீரைத் தேங்க விடலாகாது. பயன்படாமல் முட்டுச் சந்துபோல் நிற்கும் குழாய்களை வெட்டி நீக்க வேண்டும். ஆலையிலும் தொழிலாளர் விடுதியிலும் நெடுநாள் திறவாத குழாய்களையும் ஷவர்களையும் வாரத்துக்கு ஒருமுறையேனும், துளி தெறிக்காமல் மெல்லத் திறந்துவிட்டு, சில நிமிடம் நீரை ஓடச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நீரை இதமான சூட்டில் வைக்கலாகாது. வெந்நீர்த் தொட்டியில் 60 பாகையும், குழாயின் கடைசி முனையில் 50 பாகையும் இருக்க வேண்டும் என்பது பிற நாடுகளில் கையாளும் அளவு. குளிர்ந்த நீர்த் தொட்டிகளுக்கு மூடியும் நிழலும் வேண்டும்.

மூன்றாவது, அழுக்கையும் படலத்தையும் சேர விடலாகாது. கோபுரத்து நீரில் உப்புச் செறிந்தால் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் விட வேண்டும். புளோ டவுன் என்று ஆலையினர் சொல்வது இதுவே. குளோரின் அல்லது புரோமின் போன்ற கிருமிக்கொல்லிகளைத் தக்க அளவில் இட்டு, நீரை முறைப்படி சோதிக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் கோபுரத்தை வடித்துத் துப்புரவாக்க வேண்டும். முதலில் கிருமிக்கொல்லியை ஓடவிட்டு, விசிறியை நிறுத்திய பிறகே சுரண்டிக் கழுவ வேண்டும் என்பதைப் பிரான்சு நாட்டு நிகழ்ச்சி நமக்குக் கற்பித்திருக்கிறது. கழுவுவோர்க்கு நுண்துளியைத் தடுக்கவல்ல முகமூடி வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. கூலன்ட் தொட்டிகளையும் துர்நாற்றம் வரும்வரை விட்டு வைக்காமல் உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

நான்காவது, துளியை மனிதர் மூக்குக்கு வர விடலாகாது. கோபுரத்தின் உச்சியில், வளைந்த தகடுகளாலான துளி தடுப்பான் ஒன்று இருக்கும். காற்று வளைந்து வெளியேறிவிடும். கனமான துளி தகட்டில் மோதி வழிந்து கீழே விழும். அது உடைந்தோ விலகியோ இருந்தால்தான் வண்டிக் கண்ணாடிகளில் உப்புப் புள்ளி மிகுதியாக விழும். கட்டடத்துக்குள் காற்றை இழுக்கும் வாயில்களும், ஆட்கள் உண்ணும் இடமும் கோபுரத்திலிருந்து விலகி அமைய வேண்டும்.

ஐந்தாவது, இவையனைத்தையும் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்து, வெப்பநிலை, மருந்தளவு, துப்புரவு செய்த நாள் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவர வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்ட தொட்டியை ஒருவரும் பார்ப்பதில்லை. மற்ற நான்கு விதிகளுக்கும் உயிர் கொடுப்பது இந்த ஐந்தாம் விதியே.

நீண்ட விடுமுறைக்குப் பின் ஆலையைத் திறக்கும் நாள் தனியாக நினைவிற்கொள்ள வேண்டிய நாள். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கின்போது ஆலைகள் அடைபட்டன. குழாய்களில் நீர் வாரக்கணக்கில் அசையாது நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அட்லாண்டாவிலுள்ள அதே நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வாடகைக் கட்டடங்கள் சிலவற்றின் நீரிலேயே லீஜியனெல்லா இருப்பது தெரிந்து, அவற்றை மூட நேர்ந்தது. இக்கிருமியை உலகுக்கு அறிவித்த நிலையத்துக்கே அந்நிலை என்றால், பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்! ஆயுத பூசையன்று இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்குகிறோம். அதே கையோடு குளிர்விப்புக் கோபுரத்தின் அடித்தொட்டியையும் திறந்து பார்ப்பது அந்த வணக்கத்துக்கு உரிய நிறைவாகும்.

மாணவர்களே! நீங்கள் இப்போதே செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் ஆசிரியரின் துணையோடு, பள்ளியின் கூரைத் தொட்டியிலிருந்து வரும் நீரைக் குழாயில் பிடித்து, காலை, நண்பகல், மாலை மூவேளையும் வெப்பமானியால் அளந்து ஒரு மாதம் எழுதி வாருங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் அது 25 பாகைக்கு மேல் இருந்தது என்று வரைபடம் தீட்டுங்கள். தொட்டியின் மேலோ கோபுரத்தின் மேலோ ஏற வேண்டா. அந்த வரைபடம் உங்களுக்குச் சொல்லும் பாடத்தை என் பேச்சால் சொல்ல இயலாது. உங்கள் வீட்டில் ஆலைக்குச் செல்லும் ஒருவர் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் எங்கே, எந்த நீரின் அருகே வேலை செய்கிறார் என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள். அந்த ஒரு வாக்கியம் சரியான சோதனைக்கும் சரியான மருந்துக்கும் வழி திறக்கக்கூடும்.

என் மாணவனுடைய கேள்விக்கு நான் அன்று உடனே விடை கூறவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்த பின், "நான் முன்பு சொன்னது தவறு, தம்பி. அதில் நீராவியும் உண்டு, நீர்த்துளியும் உண்டு. உங்கள் கோபுரத்தின் துளி தடுப்பானைப் போய்ப் பார்" என்று சொன்னேன். அவன் பார்த்தான், இரண்டு தகடுகள் விலகியிருந்தன. மேலாளரிடம் எடுத்துக் கூறிப் புதுத் தகடுகள் பொருத்தச் செய்தான். இப்போது வண்டிக் கண்ணாடிகளில் புள்ளி விழுவதில்லை என்கிறான். அங்கு நோய் இருந்ததா என்று எவரும் சோதிக்கவில்லை. இனி வராமலிருக்க ஒரு வாயில் அடைபட்டது என்பது மட்டும் உறுதி. 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு, அவனே கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்துக் கண்ட சான்றினால்தான் முழு விடை கிடைத்தது. ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதனையும் அப்படியே ஏற்காமல், கண்ணால் கண்டதை வைத்து மீண்டும் கேளுங்கள். உங்கள் ஆசிரியர்களுக்கும் அது நன்மையே செய்யும்.